பாஜியோவை வேண்டாம் என்றவர்: அன்செலோட்டி என்ற பயிற்சியாளர் உருவான விதம்

1997 கோடையில் ராபர்டோ பாஜியோ பார்மா அணியின் வாசல்வரை வந்துவிட்டார். 1993இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாங்கியவர். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை ஏறக்குறைய ஒற்றை ஆளாக இறுதிப் போட்டிவரை இழுத்துக்கொண்டு போனவர். மிலான் அணியில் அவருக்கு ஆடும் வாய்ப்பு குறைந்துகொண்டே வந்ததால் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார். பார்மா நிர்வாகத்துக்கும் அவர்மேல் ஆசை. பேச்சு முடியப்போகிற நேரத்தில் பார்மாவின் இளம் பயிற்சியாளர் குறுக்கே நின்றார். தன் அணி ஆடுவது 4-4-2, அதாவது நான்கு தடுப்பாளர்கள், நடுவில் நான்கு மிட்ஃபீல்டர்கள், முன்னால் இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் மட்டும்தான், அவர்களுக்குப் பின்னால் இஷ்டப்படி உலவும் பத்தாம் எண் ஆட்டக்காரருக்கு அதில் இடமே கிடையாது என்பது அவர் வாதம். பாஜியோ பொலோன்யாவுக்குப் போனார். அந்த சீசனில் லீக்கில் மட்டும் 22 கோல் அடித்தார்.

அந்த இளம் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி. பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்ற ஒரே ஆள். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் என்று ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம் வென்ற முதல் ஆளும் அவரே. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அவர் ஞானி. இன்னொரு கட்சியோ, "ரொனால்டோ, காக்கா, பென்சிமா எல்லாம் கையில் இருந்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்?" என்று கேட்கும். இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகும்: அவருக்கென்று தனிக் கொள்கை கிடையாது, இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு ஏற்ப அணியை அமைப்பவர், அது அவருடைய சுபாவம்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பாஜியோவைத் திருப்பி அனுப்பிய ஆளிடம் அப்படியொரு சுபாவம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கொள்கையைக் கரைத்துக் குடித்த சீடராகத்தான் அவர் பயிற்சியாளர் வேலைக்கே வந்தார். அதிலிருந்து அவர் மெல்ல மெல்ல விலகியதுதான் அடுத்த முப்பது ஆண்டு வரலாறு. அதைப் புரிந்துகொள்ள அவர் ஆடிய காலத்துக்குப் போக வேண்டும்.

முழங்காலும் மூளையும்

1959 ஜூன் 10 அன்று வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞா பகுதியில் ரெஜ்ஜோலோ என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் விவசாயக் குடும்பம். கறவை மாடுகள் உண்டு, பால் பார்மிசான் சீஸ் தயாரிப்புக்குப் போகும். பக்கத்து நகரமான பார்மாவின் அணி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. 1979இல் அந்த அணியை இரண்டாம் நிலைக்கு உயர்த்திய ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் இருபது வயது அன்செலோட்டி. பயிற்சியாளர் செசாரே மால்தினி. அவர் மகன் பாவ்லோ மால்தினியோடு அன்செலோட்டி பிற்பாடு சேர்ந்து ஆடினார், அதற்கும் பிற்பாடு அவருக்கே பயிற்சியாளராகவும் இருந்தார். இத்தாலியக் கால்பந்து ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. யாரைத் தொட்டாலும் இன்னொருவருக்கு உறவாகத்தான் இருப்பார்.

ரோமாவில் எட்டு ஆண்டுகள். அங்கே அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் ஸ்வீடன்காரரான நில்ஸ் லீத்ஹோம். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு தடுப்பது இத்தாலியில் வேதமாக இருந்த நாளில், ஆளை விட்டு இடத்தைக் காக்கச் சொன்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். இன்று அன்செலோட்டியிடம் நாம் பார்க்கும் நிதானத்தில் பாதி லீத்ஹோமிடமிருந்து வந்தது என்றுதான் தோன்றுகிறது. 1983இல் ரோமா லீக் பட்டம் வென்றது. அதற்குமுன் அந்த அணி வென்றது 1942இல்.

ஆனால் ரோமா காலத்தை அவருடைய முழங்கால்களைத் தவிர்த்துச் சொல்ல முடியாது. 1981இல் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. இத்தாலி வென்ற 1982 உலகக் கோப்பை கைநழுவிப் போனது. 1983 கடைசியில் இடது முழங்கால். அடுத்த மே மாதம் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) இறுதிப் போட்டி, அதுவும் ரோமாவின் சொந்த மைதானத்தில், லிவர்பூலுக்கு எதிராக நடந்தது. பெனால்டியில் ரோமா தோற்றதை அவர் வெளியில் இருந்து பார்க்க வேண்டியிருந்தது.

1987இல் மிலானுக்குப் புதிதாக வந்திருந்த அரிகோ சாக்கி இந்த ஆளைத்தான் வேண்டும் என்று கேட்டார். அணியின் முதலாளி பெர்லுஸ்கோனிக்குத் தயக்கம். மருத்துவர்கள் அந்த முழங்காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார்கள். கோளாறு முழங்காலில்தான், மூளையில் இல்லையே என்ற மாதிரி பதில் சொல்லித் தான் சமாளித்ததாக சாக்கி பிற்பாடு சொல்லியிருக்கிறார். 28 வயதில் வேகம் குறைந்துவிட்ட மிட்ஃபீல்டர்தான் அவர். ஆனால் சாக்கியின் ஆட்டத்தில் கால் வேகத்தைவிட எங்கே நிற்பது என்ற அறிவுக்கு மதிப்பு அதிகம்.

சாக்கி தொழில்முறையாகக் கால்பந்து ஆடியதே இல்லை. அப்பாவின் செருப்புத் தொழிலில் விற்பனை பார்த்தவர். ஆடத் தெரியாதவன் எப்படிப் பயிற்சி கொடுப்பான் என்று பத்திரிகைகள் கேட்டபோது, குதிரை ஓட்டுபவன் முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். இன்றுவரை இந்த விவாதம் எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குதிரைகளில் பல பின்னாளில் ஓட்டிகளாயின. ரைக்கார்ட், குலித், வான் பாஸ்டன், டொனாடோனி, அன்செலோட்டி என்று சாக்கியின் மிலானில் ஆடியவர்கள் வரிசையாகப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். அதில் ரைக்கார்டும் அன்செலோட்டியும் ஐரோப்பியக் கோப்பையை ஆட்டக்காரராகவும் வென்றார்கள், பயிற்சியாளராகவும் வென்றார்கள்.

சாக்கி அவர்களுக்கு என்னதான் கற்றுக்கொடுத்தார்? பயிற்சி மைதானத்தில் பந்தே இருக்காது. பதினொரு பேரும் தங்கள் இடத்தில் நிற்பார்கள். பந்து இப்போது இன்ன இடத்தில் இருக்கிறது என்று சாக்கி குரல் கொடுப்பார். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் அதற்கேற்ப நகர வேண்டும். அடுத்த குரல், அடுத்த நகர்வு. கடைசித் தடுப்பாளருக்கும் முதல் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே முப்பது மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒருவர் இரண்டடி தவறி நின்றாலும் முதலிலிருந்து தொடங்கும். கயிறு கட்டி இழுத்த மாதிரி அணி முழுக்க முன்னேறும், பின்வாங்கும். எதிரணிக்கு மூச்சு விட இடம் இருக்காது. தப்பித் தவறி முன்னால் பந்தைப் போட்டால் ஆஃப்சைடு கொடி உயர்ந்திருக்கும்.

இந்த இயந்திரத்தின் நடுவில் நின்றவர் அன்செலோட்டி. 1989 ஏப்ரலில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் மிலான் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று துவைத்து எடுத்தது. முதல் கோல் அவருடையது: தூரத்திலிருந்து வலது காலால் அடித்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கோப்பை மிலானுக்கே. 1992இல் அவர் ஆட்டத்தை நிறுத்தினார். நேராகப் போய் உட்கார்ந்தது இத்தாலிய தேசிய அணியில் சாக்கிக்குப் பக்கத்து இருக்கையில், உதவிப் பயிற்சியாளராக.

அங்கேதான் 1994 உலகக் கோப்பை. நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் கோல்கீப்பர் பல்யூகா ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மாற்று கோல்கீப்பரை இறக்க யாராவது ஒருவரை வெளியே எடுக்க வேண்டும். சாக்கி எடுத்தது பாஜியோவை. இந்த ஆளுக்குப் பைத்தியம் என்று பாஜியோ முணுமுணுத்தது கேமராவில் பதிவானது. பத்துப் பேரோடு இத்தாலி 1-0 என்று வென்றது, ஆகவே சாக்கி செய்தது சரி என்று சொல்லலாம். ஓடித் தடுக்காத மேதையைவிட ஓடுகிற சாதாரண ஆள் மேல் என்ற பாடத்தை அன்செலோட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மூன்று வருடம் கழித்து பார்மாவில் அவர் சொன்னது இதன் எதிரொலிதான்.

சீடர் மாறிய இடம்

பயிற்சியாளராக முதல் வேலை 1995இல் ரெஜ்ஜானா. இரண்டாம் நிலை அணி. தொடக்கத்தில் தடுமாறி, கடைசியில் மேல் லீக்குக்கு ஏறியது. அடுத்த வருடமே பார்மா கூப்பிட்டது. புஃபோன், கன்னவாரோ, துராம், கிரெஸ்போ என்று வரப்போகும் நட்சத்திரங்கள் நிறைந்த அணி. முதல் சீசனில் யுவென்டஸை விட இரண்டே புள்ளி குறைவாக எடுத்து இரண்டாம் இடம். இளம் பயிற்சியாளருக்கு இது பிரமாதமான தொடக்கம். ஆனால் ஜான்பிராங்கோ சோலாவை இடது ஓரத்தில் தள்ளி ஆட வைத்தார். சோலா சலித்துப்போய் 1996 நவம்பரில் செல்சிக்குப் போய்விட்டார். லண்டன் ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் ஆட்டக்காரராக அவர் ஆனது தனிக்கதை. சோலா, அப்புறம் பாஜியோ. ஒரே வருடத்தில் இரண்டு பத்தாம் எண்கள் 4-4-2 என்ற சட்டகத்தில் இடமில்லாமல் போனார்கள்.

பாஜியோ விஷயத்தில் தான் செய்தது தப்பு என்று அன்செலோட்டி பிற்பாடு பலமுறை ஒத்துக்கொண்டிருக்கிறார். தெரியாத ஒன்றை முயன்று பார்க்க அன்று தைரியம் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். எனக்கு இது நேர்மையான விளக்கமாகப் படுகிறது. புதுப் பயிற்சியாளருக்குக் கைவசம் இருப்பது தான் ஆடிய காலத்தில் வென்ற முறை ஒன்றுதான். அதை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. பெரிய ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளர் ஆகிறவர்களில் பலர் இங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். தங்கள் அணியின் பழைய ஆட்டத்தைப் புது ஆட்களை வைத்து மறுபடி போட்டுக் காட்டப் பார்க்கிறார்கள்.

அன்செலோட்டியை அதிலிருந்து வெளியே இழுத்தவர் ஜினடின் ஜிடேன். 1999 பிப்ரவரியில் யுவென்டஸுக்கு வந்தபோது அங்கே ஜிடேன் இருந்தார். அவரைப் பார்மாவில் செய்தது போல ஓரத்துக்குத் தள்ள முடியாது; தள்ளினால் போவது பயிற்சியாளராகத்தான் இருக்கும். இதற்கு அன்செலோட்டியே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. அணியின் பேருந்து கிளம்பும் நேரம், ஜிடேன் வரவில்லை. கிளம்பலாம் என்றார் அன்செலோட்டி. உருகுவே தடுப்பாளர் மொன்டேரோ எழுந்து, அவர் வராமல் வண்டி நகராது என்றார். வண்டி நகரவில்லை. எழுதப்படாத அதிகாரம் என்று உடைமாற்றும் அறையில் ஒன்று இருக்கிறது. கரும்பலகையில் வட்டம் போட்டு அதை மாற்ற முடியாது. முதல்முறையாக அன்செலோட்டி 4-4-2வைக் கீழே வைத்தார். மூன்று தடுப்பாளர்கள், நான்கு மிட்ஃபீல்டர்கள், முன்னால் இன்சாகியும் டெல் பியரோவும், அவர்களுக்குப் பின்னால் சுதந்திரமாக ஜிடேன். ஆட்டக்காரரை வைத்து அமைப்பைக் கட்டலாம் என்று தனக்குக் காட்டியவர் ஜிடேன் என்று அவரே சொல்வார்.

யுவென்டஸில் பெரிய கோப்பை கிடைக்கவில்லை. 2000 மே மாதம் லீக்கின் கடைசி நாளில் பெருஜாவில் கொட்டிய மழையில் மைதானம் குளமானது. நடுவர் கொலினா ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்டத்தை நிறுத்தி வைத்து மறுபடி தொடங்கினார். யுவென்டஸ் 1-0 என்று தோற்று, ஒரு புள்ளியில் பட்டத்தை லாசியோவிடம் விட்டது. அடுத்த வருடமும் இரண்டாம் இடம். ரசிகர்களுக்கு அவரை ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை. ஒரு பன்றியால் பயிற்சியாளராக இருக்க முடியாது என்று எழுதித் திரிந்தார்கள். 2001இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது ஆள் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே நவம்பரில் மிலான் கூப்பிட்டது. அன்செலோட்டி என்ற பயிற்சியாளர் முழுசாக உருவானது இங்கேதான். அணியில் பத்தாம் எண்களின் நெரிசல். ரூயி கோஸ்டா, பிர்லோ, அடுத்த வருடமே செடோர்ஃபும் ரிவால்டோவும், பிறகு காக்கா. 1997இன் அன்செலோட்டியாக இருந்திருந்தால் பாதிப் பேரை விற்கச் சொல்லியிருப்பார்.

பிர்லோவின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இன்டர் அணி அவரை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுபவராகத்தான் வாங்கியது, அங்கே எடுபடவில்லை. 2001இல் அரை சீசனுக்கு பிரெஷாவுக்குக் கடனாக அனுப்பியது. பிரெஷாவின் முதிய பயிற்சியாளர் மாட்சோனேவிடம் ஏற்கனவே ஒரு பத்தாம் எண் இருந்தார். யார் என்று நினைக்கிறீர்கள்? பாஜியோ. அவரை நகர்த்த முடியாது என்பதால் பிர்லோவைப் பின்னால் இறக்கி, தடுப்பாளர்களுக்கு முன்னால் நிறுத்தினார் மாட்சோனே. அங்கிருந்து நாற்பது மீட்டர் தூக்கிப்போட்டு பாஜியோவின் காலில் பந்தை வைத்தார் பிர்லோ. மிலானுக்கு வந்த பிறகு, அந்த இடத்திலேயே என்னை ஆடவிடுங்கள் என்று அன்செலோட்டியிடம் கேட்டவரும் பிர்லோதான். அன்செலோட்டிக்கு முதலில் சந்தேகம். அந்த இடத்தில் பொதுவாகப் பந்தைப் பறிக்கிற முரட்டு ஆள்தான் நிற்பார். பிர்லோவுக்கு வேகமும் இல்லை, உடல் வலுவும் இல்லை. சரி, பார்க்கலாம் என்றார். பக்கத்தில் இரண்டு ஆள் ஓட்டம் ஓடுகிற கத்தூசோவை நிறுத்தினார். மறுபக்கம் செடோர்ஃப், முன்னால் ரூயி கோஸ்டா. மூன்று பத்தாம் எண்கள் ஒரே அணியில், ஒரே நேரத்தில்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அன்செலோட்டியைக் கொள்கை இல்லாதவர் என்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பந்து கையில் இருக்கும்போது அவர் ஆட்டக்காரர்களை அவர்கள் போக்கில் விட்டார். பந்து போனவுடன் எல்லாரும் நெருங்கி, இடைவெளியை அடைத்து நின்ற விதம் அச்சு அசல் சாக்கி. பாதி சாக்கியை வைத்துக்கொண்டு பாதியை விட்டார். அதற்குப்பின் அவர் எடுத்த எல்லா அணிக்கும் இதுதான் வாய்பாடு.

2003 மே மாதம் மான்செஸ்டரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. எதிரில் அவரைத் துரத்திய யுவென்டஸ். 120 நிமிடம் கோல் இல்லை, பெனால்டியில் 3-2. 2004இல் லீக் பட்டம். 2005இல் இஸ்தான்புல்: இடைவேளையில் 3-0 முன்னிலை, பிறகு ஆறே நிமிடத்தில் லிவர்பூலின் மூன்று கோல், பெனால்டியில் தோல்வி. இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதித் தீர்த்தாயிற்று. நான் சொல்ல நினைப்பது அதன் பிறகு நடந்ததைத்தான். அப்படித் தோற்ற அணியைப் பெரும்பாலான நிர்வாகங்கள் கலைத்துவிடும். மிலான் கலைக்கவில்லை, அன்செலோட்டியும் யாரையும் பலி கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, முதல் பதினொருவரில் பாதிக்கு மேல் அதே ஆட்களோடு, ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். இம்முறை ஒரே ஸ்ட்ரைக்கர் இன்சாகி, அவருக்குப் பின்னால் காக்காவும் செடோர்ஃபும், அதற்கும் பின்னால் மூன்று பேர். வரைந்து பார்த்தால் மேலே போகப் போகக் குறுகும் 4-3-2-1. கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் வந்தது. காக்கா அந்த ஆண்டு பாலோன் தோர் வாங்கினார்.

கோப்பைக்கு ஒரு முகம், லீக்குக்கு ஒரு முகம்

ஆனால் மிலானில் கிட்டத்தட்ட எட்டு சீசன் இருந்து அவர் வென்ற லீக் பட்டம் ஒன்றே ஒன்று. இதை அவருடைய விசிறிகள் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். 2025 வரைக்குமான கணக்கைப் பார்த்தால் பயிற்சியாளராக அவருக்கு லீக் பட்டம் ஆறு, சாம்பியன்ஸ் லீக் ஐந்து. இந்தக் காலத்தின் இன்னொரு பெரிய பயிற்சியாளரான கார்டியோலாவுக்கு லீக் பன்னிரண்டு, சாம்பியன்ஸ் லீக் மூன்று. இருவரும் உச்சத்தில் இருப்பவர்கள். எண்ணிக்கை மட்டும் தலைகீழ்.

காரணம் இருவரின் வேலை முறையிலேயே இருக்கிறது என்பது என் கணிப்பு. லீக் என்பது 38 வாரம். டிசம்பர் குளிரில் பதினாறாம் இடத்து அணியையும் அதே வெறியோடு அடிக்க வேண்டும். அதற்கு ஆட்டக்காரரின் மனநிலையை நம்பாத, பழக்கத்தில் ஊறிய ஒரு ஒழுங்கு தேவை. கார்டியோலா தினமும் இழைத்து இழைத்து அதைத்தான் உண்டாக்குகிறார். அன்செலோட்டி ஆட்டக்காரர்களை நம்புகிறவர். நம்பினால் சில வாரம் அவர்கள் கால்வாசித் தூக்கத்தில் ஆடுவார்கள். ஆனால் ஏப்ரல், மே மாதத்து நாக்-அவுட் ஆட்டத்தில் எல்லாமே குழம்பும். திட்டம் உடையும், நேரம் ஓடும். பதறாத ஆள் ஓரத்தில் நிற்பதும், அந்த நேரத்தில் சொந்தமாக முடிவெடுத்துப் பழகிய ஆட்டக்காரர்கள் உள்ளே நிற்பதும் அங்கே பெரிய பலம்.

2009இலிருந்து ஊர் ஊராகப் போன காலத்தை வேகமாகவே சொல்லிவிடலாம். செல்சியில் முதல் வருடமே லீக், எஃப்ஏ கோப்பை இரண்டும். 103 கோல் அடித்து, பிரீமியர் லீக்கில் நூறைத் தாண்டிய முதல் அணியானது. அடுத்த வருடம் இரண்டாம் இடம். எவர்டன் மைதானத்தில் கடைசி ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே வேலை போயிற்று. (பின்னாளில் அதே எவர்டனுக்கே பயிற்சியாளராகப் போனார்.) பாரிஸில் 2013இல் பட்டம், பிஎஸ்ஜி அதற்குமுன் லீக் வென்றது 1994இல்.

ரியல் மாட்ரிட்டில் முதல் வருடம், 2013-14. பன்னிரண்டு ஆண்டாக அந்த அணி பத்தாவது ஐரோப்பியக் கோப்பைக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. ரொனால்டோ, பென்சிமா, புதிதாக உலகச் சாதனை விலைக்கு வாங்கிய பேல். மூவரும் ஆடியே ஆக வேண்டும். அப்படியென்றால் ஓர ஆட்டக்காரர் தி மரியாவுக்கு இடம்? 4-4-2 சீடராக இருந்தால் விற்றிருப்பார். அன்செலோட்டி அவரை உள்ளே இழுத்து இடது மிட்ஃபீல்டராக்கினார். ரொனால்டோ தடுக்க இறங்காத பக்கத்தை அடைக்க ஓயாமல் ஓடுகிற ஒருவர் வேண்டும். தி மரியாவுக்கு அந்த நுரையீரல் இருந்தது. அரையிறுதியில் கார்டியோலாவின் பாயர்னை மியூனிக்கிலேயே 4-0. லிஸ்பனில் இறுதிப் போட்டியில் அத்லெடிகோ ஜெயித்துவிட்டது என்று எல்லாரும் எழுந்துவிட்ட நேரத்தில் ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 4-1. அன்றைக்கு ஆட்டநாயகன் தி மரியா. உதவிப் பயிற்சியாளராகப் பக்கத்தில் நின்றவர் ஜிடேன்.

அடுத்த வருடமே அங்கேயும் வெளியேற்றம். பாயர்னில் 2017இல் லீக் வென்று, அதே செப்டம்பரில் பாரிஸில் 3-0 என்று தோற்ற மறுநாள் பதவி போனது. நாபோலியில் நிர்வாகத்துக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சண்டை. நடுவில் மாட்டிக்கொண்டு, சாம்பியன்ஸ் லீக்கில் அணியை நாக்-அவுட் சுற்றுக்குக் கொண்டுபோன இரவே நீக்கப்பட்டார். இந்த இரண்டு தோல்வியையும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடக் கூடாது. பாயர்னில் ஆட்டக்காரர்கள் கார்டியோலாவின் மூன்று வருடக் கசக்கிப் பிழிதலுக்குப் பழகியிருந்தார்கள். அவர்களுக்கு அன்செலோட்டியின் பயிற்சி லேசாகத் தெரிந்தது, மூத்தவர்கள் முணுமுணுத்தார்கள். உடைமாற்றும் அறையை நம்பி நடத்துபவருக்கு அந்த அறை கைவிட்டால் வேறு கருவி இல்லை. அவர் முறையின் பலவீனம் அது.

ஓரத்தில் நின்று கேட்டவர்

எவர்டனில் பத்தாம் இடத்தில் இருந்த 61 வயதுக்காரரை 2021இல் ரியல் மாட்ரிட் மறுபடி கூப்பிட்டபோது, ஆள் கிடைக்காமல் கூப்பிட்டார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். நான்கு வருடத்தில் இரண்டு லீக், இரண்டு சாம்பியன்ஸ் லீக்.

2022 அரையிறுதி, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக மாட்ரிட்டில். முதல் ஆட்டத்தில் 4-3 பின்னடைவு. இரண்டாம் ஆட்டத்தில் சிட்டி ஒரு கோல் போட்டு மொத்தத்தில் இரண்டு கோல் முன்னால் போய்விட்டது. 75ஆம் நிமிடத்துக்குள் குரோஸ், மோட்ரிச், கசெமிரோ மூவரையும் வெளியே எடுத்துவிட்டிருந்தார் அன்செலோட்டி. அந்தத் தலைமுறையின் மிகப் புகழ்பெற்ற மிட்ஃபீல்டு மொத்தமும் பெஞ்சில். ஆட்டத்தில் இருந்தது காமவிங்கா, வால்வெர்தே, ரோட்ரிகோ போன்ற சின்னப் பையன்கள். 90ஆம் நிமிடத்திலும் அடுத்த நிமிடத்திலும் ரோட்ரிகோ இரண்டு கோல். கூடுதல் நேரத்தில் பென்சிமாவின் பெனால்டி. அந்த இரவில் இன்னொரு காட்சியும் கேமராவில் சிக்கியது: அடுத்து யாரை மாற்றலாம் என்று பெஞ்சில் இருந்த குரோஸிடமும் மார்செலோவிடமும் அன்செலோட்டி கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சற்றுமுன் தான் வெளியே எடுத்த ஆளிடம் யோசனை கேட்கிறார். அவரும் முகம் சுளிக்காமல் சொல்கிறார்.

ஆடிய அனுபவம் பயிற்சியாளருக்கு எங்கே கைகொடுக்கிறது என்று கேட்டால் நான் இந்த இடத்தைக் காட்டுவேன். ஆட்ட நுணுக்கத்தை சாக்கி போல வெளியிலிருந்தே கற்கலாம். ஆனால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொந்த ஊர் இறுதிப் போட்டியை வெளியில் இருந்து பார்த்தவருக்கு, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் மனதில் என்ன ஓடும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. மிலானில் கடைசி வருடத்தில், சாக்கிக்குப் பின் பயிற்சியாளராக வந்த கபெல்லோவின் அணியில் அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

2023இல் பென்சிமா போனார். தக்க ஸ்ட்ரைக்கரை வாங்கவில்லை. அன்செலோட்டி ஸ்ட்ரைக்கர் இல்லாமலே ஆடினார். வினீசியஸ், ரோட்ரிகோ இருவரும் இரண்டு பக்கமாக விரிய, நடுவில் விழுந்த பள்ளத்தில் மிட்ஃபீல்டிலிருந்து பெல்லிங்ஹாம் ஓடி வந்தார். இருபது வயதுப் பையன் லீக்கில் 19 கோல் அடித்தான். 95 புள்ளியோடு லீக், வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக். அடுத்த வருடம் எம்பாப்பே வந்து லீக்கில் 31 கோல் அடித்தார். ஆனால் குரோஸ் ஓய்வு பெற்றிருந்தார், பந்து போனபிறகு பின்னால் ஓடி வர முன்களத்தில் ஆள் குறைந்தது. பார்சிலோனாவிடம் அந்த ஒரே சீசனில் நான்கு முறை தோற்றார்கள். நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம், பிர்லோவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தூசோ இருக்கும்வரை.

2025 மே மாதம் பிரேசில் அவரைத் தேசிய அணிக்கு எடுத்தது. வெளிநாட்டவரை முழுப் பொறுப்பில் வைப்பது அந்த நாட்டில் மிக அரிது. முதலில் அவர் செய்த காரியங்களில் ஒன்று, தனக்கு நன்றாகத் தெரிந்த கசெமிரோவை அணிக்குத் திரும்ப அழைத்தது. தேசிய அணியில் ஆளை வாங்க முடியாது, வருடத்தில் சில வாரம்தான் ஆட்டக்காரர்கள் கையில் கிடைப்பார்கள். 1994இல் சாக்கிக்கு இடித்ததும் இதுதான்; பந்தே இல்லாமல் மாதக்கணக்கில் பழக்கும் முறைக்கு அங்கே நேரம் ஏது? இருக்கும் ஆளுக்கு இடம் கண்டுபிடிக்கிறவருக்கு இந்த வேலை பொருந்தும் என்றுதான் காகிதத்தில் தோன்றுகிறது. அந்த அக்டோபரில் எஸ்தெவாவ், ரோட்ரிகோ, வினீசியஸ், குன்யா என்று நான்கு முன்கள ஆட்டக்காரர்களை ஒன்றாக இறக்கி தென் கொரியாவை 5-0 என்று வென்றது பிரேசில். நான்கு நாள் கழித்து, பல இடங்களில் ஆட்களை மாற்றி, ஜப்பானுக்கு எதிராக இடைவேளையில் 2-0 என்று முன்னால் இருந்து 3-2 என்று தோற்றது. பிரேசிலை ஜப்பான் வென்றது அதுவே முதல்முறை.